செவெல் காரில் எல்எஸ் என்ஜின்: மேனுவல் கியர்பாக்ஸைப் பொருத்துவது எப்படி

செவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம் 1955-ல் கொண்டுவந்த ஸ்மால் பிளாக் வி8 என்ஜினையும், 1997-ல் கார்வெட் காரில் வந்து எல்எஸ் குடும்பத்தைத் தொடங்கிவைத்த எல்எஸ்1 என்ஜினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மாற்றிப் போடக்கூடிய பாகம் அநேகமாக ஒன்றும் தேறாது. ஆனால் பின்பக்கம் பெல் ஹவுசிங் (என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் மணி வடிவக் கூடு) ஏறும் போல்ட் அமைப்பை மட்டும் ஜிஎம் அப்படியே விட்டுவைத்தது. அதனால் 1968–72 செவர்லே செவெல்லில் இருந்து கழற்றிய மன்சி கியர்பாக்ஸை (ஜிஎம்மின் பழைய நாலு கியர் மேனுவல் பெட்டி) பழைய பெல் ஹவுசிங்கோடு தூக்கி ஒரு எல்எஸ் என்ஜினின் பின்னால் வைத்தால், ஆறு போல்ட்டில் ஐந்து சொல்லிவைத்தாற்போல் உட்காரும். மேல் வரிசையில் ஒன்றுக்கு மட்டும் எல்எஸ் பிளாக்கில் ஓட்டை இருக்காது. ஐந்து போல்ட்டே தாராளமாகப் போதும்.

தொல்லை தொடங்குவதும் அங்கேதான். போல்ட் பொருந்திவிட்டதே என்று எல்லாவற்றையும் மூடி வண்டியை ஓட்டுகிறவர்கள், சில நூறு மைலில் பைலட் பேரிங் (கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் உட்கார்ந்து கியர்பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்குவது) தேய்ந்து போய் கியர்பாக்ஸை இறக்குகிறார்கள். எல்எஸ் என்ஜினில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின் ஃபிளாஞ்ச் (ஃபிளைவீல் ஏறும் முகம்), பழைய என்ஜினைவிட 0.400 அங்குலம், அதாவது சுமார் 10.2 மிமீ, முன்னால் தள்ளி இருக்கிறது. வெளியில் இருந்து பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியாது. இந்த 10 மில்லிமீட்டரை எங்கே, எதைக்கொண்டு ஈடுகட்டுகிறீர்கள் என்பதுதான் இந்த வேலையில் பாதி. மீதிப் பாதி, என்ஜினின் மையமும் கியர்பாக்ஸின் மையமும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று டயல் கேஜ் (நுண்ணிய விலகலைக் காட்டும் அளவுகருவி) வைத்துப் பார்ப்பது.

இங்கே எடுத்துக்கொள்ளும் உதாரணம், அமெரிக்க ட்ரக்குகளில் 1999 முதல் வந்த 5.3 லிட்டர் எல்எம்7 என்ஜின். இரும்பு பிளாக், மாடலைப் பொறுத்து 270 முதல் 295 குதிரைத்திறன். பழைய இரும்புக் கடைகளில் மலிவாகக் கிடைப்பதால் இந்த மாற்றத்துக்குப் பெரும்பாலோர் எடுப்பது இதைத்தான். 4.8, 5.7, 6.0, 6.2 லிட்டர் வகைகளுக்கும் இதே முறைதான். ஒரு விதிவிலக்கு உண்டு: 1999, 2000 ஆண்டுகளில் வந்த சில 6.0 லிட்டர் ட்ரக் என்ஜின்களில் கிராங்க் ஃபிளாஞ்ச் பழைய இடத்திலேயே நீளமாக இருக்கும். வாங்கும்போது விற்பவர் சொல்லும் வருடத்தை நம்பாமல் அளந்துகொள்ளுங்கள்.

எந்த கியர்பாக்ஸ்?

மன்சி நல்ல பெட்டி. சத்தமும் நன்றாக இருக்கும். ஆனால் அது நாலு கியர், நாலாவது நேர் 1:1. 3.31 பின் ஆக்ஸில், 26 அங்குல உயர டயர் என்று வைத்துக்கொண்டால் 70 மைல் வேகத்தில் என்ஜின் சுமார் 3,000 ஆர்பிஎம் சுற்றும். டிரெமெக் டிகேஎக்ஸ் ஐந்து கியர் பெட்டியில் ஐந்தாவது 0.68 என்றால் அதே வேகத்தில் 2,040-க்குப் பக்கம் வந்துவிடும். கணக்கு இதுதான்: மைல் வேகம் × ஆக்ஸில் விகிதம் × கியர் விகிதம் × 336, அதை டயர் உயரத்தால் வகுக்க வேண்டும்.

முதல் கியரையும் பார்க்க வேண்டும். முதல் கியர் விகிதத்தை ஆக்ஸில் விகிதத்தால் பெருக்கினால் 9-க்கும் 11-க்கும் நடுவில் வந்தால் தெரு ஓட்டத்துக்கு இதமாக இருக்கும். மன்சி எம்21-ன் 2.20 முதல் கியர், 3.31 ஆக்ஸிலோடு 7.3 தான் தருகிறது; ஒவ்வொரு சிக்னலிலும் கிளட்ச் தேயும். எம்20-ன் 2.52 என்றால் 8.3. டிகேஎக்ஸின் 2.87 என்றால் 9.5. நெடுஞ்சாலையில் ஓட்டுவதாக இருந்தால் டிகேஎக்ஸ் எடுப்பதே புத்திசாலித்தனம். அதன் தாங்குதிறன் 600 பவுண்டு-அடி, 5.3 லிட்டர் என்ஜினுக்கு அளவுக்கு மேலேயே. ஆறு கியர் டி56 மேக்னம் இன்னும் பலமானது, ஆனால் உடல் பெரிது. செவெல்லின் தரைச் சுரங்கத்தை வெட்டித் தூக்கி வெல்டிங் செய்யாமல் அது உள்ளே போகாது. காரில் ஏற்கெனவே நல்ல மன்சி இருந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியை எடுக்கிறவராக இருந்தால் அதை மாற்ற வேண்டிய அவசியமில்லை.

எதை எடுத்தாலும் மூன்று விவரம் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, இன்புட் ஷாஃப்ட்டின் (கியர்பாக்ஸின் முன்னால் நீட்டி, கிளட்ச் பிளேட் ஏறும் தண்டு) பல் எண்ணிக்கை: மன்சியில் 1970 வரை பெரும்பாலும் 10 பல், அதன் பிறகு 26 பல், இரண்டுமே 1⅛ அங்குல விட்டம். டிகேஎக்ஸ் 26 பல். கிளட்ச் பிளேட் வாங்குவதற்கு முன் பல்லை எண்ணிவிடுங்கள். இரண்டாவது, கியர்பாக்ஸின் முன் வளையம் பெல் ஹவுசிங்கில் உட்காரும் துளை: ஜிஎம் மன்சி அளவு 4.686 அங்குலம். மூன்றாவது, பின்னால் ஸ்லிப் யோக் (டிரைவ் ஷாஃப்ட்டை கியர்பாக்ஸோடு இணைக்கும் நழுவும் இணைப்பு) ஏறும் பல்: பழைய மன்சி 27, பிந்தையது 32, டிகேஎக்ஸும் மேக்னமும் 31.

அந்த 10 மில்லிமீட்டர்

இதற்கு இரண்டு வழி. எல்எஸ் என்ஜினுக்கென்றே ஆழம் கணக்கிட்டுச் செய்த பெல் ஹவுசிங் வாங்கினால் கியர்பாக்ஸே முன்னால் வந்துவிடும். எல்எஸ் ஃபிளைவீல், எல்எஸ் கிளட்ச், வழக்கமான பைலட் பேரிங் எல்லாம் அததன் இடத்தில் இருக்கும். டிகேஎக்ஸ் வாங்குகிறவர்கள் இதையே செய்வது நல்லது. காசு கூடுதல், தலைவலி குறைவு. இரண்டாவது வழி, 3899621 என்ற வார்ப்பு எண் போட்ட பழைய அலுமினிய ஹவுசிங்கையே வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் பாகங்களைக் கொண்டு இடைவெளியை நிரப்புவது. இந்த ஹவுசிங் 168 பல் ஃபிளைவீலையும் 11 அங்குல கிளட்சையும் ஏற்கும். எல்எஸ் ஃபிளைவீலும் 168 பல்தான் என்பதால் இது வசதி.

இரண்டாவது வழியில் முதல் பிரச்சினை பைலட் பேரிங். எல்எஸ் கிராங்க்கின் பின்முனையில் இரண்டு துளைகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும்: வெளியே 1.705 அங்குல அகலப் பள்ளம், அதற்கு உள்ளே 1.094 அங்குலக் குழி. பழைய செவர்லே புஷ் உள்குழிக்குக் கச்சிதமாக இறங்கும். இறங்கிவிட்டதே என்று மகிழ வேண்டாம். அது ஆழமாக உட்கார்ந்துகொள்கிறது, அதோடு கிராங்க்கே 0.400 அங்குலம் முன்னால் இருக்கிறது. இன்புட் ஷாஃப்ட்டின் முனை அதன் உதட்டைத்தான் தொடும், அல்லது தொடவே தொடாது. இதற்கென்று வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் நீள புஷ்ஷும், 1.705 பள்ளத்தில் உட்காரும் பெரிய பேரிங்கும் கிடைக்கின்றன. உள்விட்டம் 0.590–0.591 அங்குலம் இருக்க வேண்டும்.

எது வேண்டும் என்பதை அளவுதான் சொல்ல வேண்டும். பெல் ஹவுசிங்கின் முன் முகத்தில் இருந்து பின் முகம் வரை ஆழத்தை வெர்னியரில் எடுங்கள். கியர்பாக்ஸின் முன் முகத்தில் இருந்து இன்புட் ஷாஃப்ட்டின் முனை வரை நீளத்தை எடுங்கள். நீளத்தில் இருந்து ஆழத்தைக் கழித்தால், ஹவுசிங்கைத் தாண்டி முனை எவ்வளவு முன்னே நீட்டுகிறது என்று வரும். அடுத்து, என்ஜின் பிளாக்கின் பின் முகத்தில் ஒரு நேர்க்கோலை வைத்து, பைலட் பேரிங்கின் பின்விளிம்பு அதில் இருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று பாருங்கள். முனையின் நீட்சியில் இருந்து இதைக் கழித்தால் பேரிங்குக்குள் முனை எவ்வளவு நுழைகிறது என்பது கிடைக்கும். முனையின் ஓரத்தில் சரிவாகக் கடைந்திருக்கும் பகுதியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உதாரணமாக முனை 0.75 அங்குலம் நீட்டி, பேரிங் 0.55 உள்ளே இருந்து, சரிவு 0.08 என்றால் உண்மையான பிடிப்பு 0.12 அங்குலம் மட்டுமே. அது போதவே போதாது. பேரிங்கின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது பிடிக்க வேண்டும். அதே நேரம் முனை கிராங்க்கின் அடியில் போய் முட்டவும் கூடாது. குறைந்தது ⅛ அங்குலம் காலியிடம் விடுங்கள்.

கணக்கில் நம்பிக்கை இல்லாவிட்டால் இன்னொரு வழி: ஃபிளைவீலும் கிளட்சும் போடாமல், முனையில் மார்க்கர் மை பூசி, குழிக்குள் கொஞ்சம் களிமண் வைத்து, ஹவுசிங்கோடு கியர்பாக்ஸை ஒருமுறை கையால் ஏற்றி இறக்குங்கள். மை எங்கே அழிந்திருக்கிறது, களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பது எல்லாவற்றையும் சொல்லிவிடும். பிறகு களிமண்ணைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள்.

வெண்கல புஷ்ஷா, ஊசி பேரிங்கா? ஊசி பேரிங் உராய்வு குறைவு, ஆனால் மையம் கொஞ்சம் விலகினாலும் மன்னிக்காது. பழைய ஷாஃப்ட்டின் முனையையும் சேர்த்து அரித்துவிடும். வரி விழுந்த பழைய மன்சி ஷாஃப்ட் என்றால் எண்ணெய் ஊறிய வெண்கல புஷ்தான் சரி.

ஃபிளைவீலும் கிளட்சும்

பழைய ஃபிளைவீல் எல்எஸ் கிராங்க்கில் ஏறாது. போல்ட் வட்டம் பழைய என்ஜினில் 3.58 அங்குலம், 1986-க்குப் பிந்தைய ஸ்மால் பிளாக்கில் 3.00, எல்எஸ்ஸில் 3.11. எல்எஸ் குடும்பத்துக்குள்ளும் பெரும்பாலானவை 6 போல்ட்; சூப்பர்சார்ஜர் வைத்த எல்எஸ்ஏ 8, எல்எஸ்9 9 போல்ட். எல்எஸ் என்ஜின் தன்னளவில் பேலன்ஸ் ஆனது, ஆகவே எடை சேர்க்காத ஃபிளைவீல்தான் வேண்டும்.

கிராங்க்குக்கும் ஃபிளைவீலுக்கும் நடுவில் 0.400 அங்குல வட்டு ஒன்றைக் கடைசல் பட்டறையில் அடித்து வைத்தால் முடிந்தது என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். அப்படி வைத்தால் ரிங் கியரும் (ஃபிளைவீலின் விளிம்பில் உள்ள பல் வளையம்) அதே அளவு பின்னால் போய்விடும். எல்எஸ் ஸ்டார்ட்டர் பிளாக்கிலேயே இருக்கிறது. அதன் பினியன் அவ்வளவு தூரம் எட்டாது. பாதிப் பல்லில் பிடித்து, நறநறவென்று அரைத்து, ஒரு மழைக்காலத்துக்குள் ரிங் கியரைத் தின்றுவிடும். ரிங் கியர் எல்எஸ் இடத்திலேயே இருக்க வேண்டும். கிளட்ச் முன்னால் இருப்பதால் வரும் வித்தியாசத்தை ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது கிளட்ச் விரல்களை அழுத்துவது) பக்கம் சரிசெய்துகொள்ள வேண்டும்.

ஆட்டோமேட்டிக்கோடு வந்த ட்ரக் என்ஜினாக இருந்தால் பழைய ஃபிளெக்ஸ் பிளேட்டை (ஃபிளைவீலுக்குப் பதில் இருக்கும் மெல்லிய தட்டு) கழற்றும்போது அதன் பின்னால் தனி வட்டு இருக்கிறதா என்று பார்த்து அதையும் எடுத்துவிடுங்கள். பைலட் குழியில் துரு கட்டியிருக்கும். மெல்லிய எமரி தாளால் சுத்தம் செய்தால் போதும், துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள்.

ஃபிளைவீல் போல்ட் எம்11×1.5. புதிய போல்ட் போடுங்கள். எதிரெதிர் வரிசையில் மூன்று சுற்றாக இறுக்க வேண்டும்: 15, 37, 74 பவுண்டு-அடி, நியூட்டன் மீட்டரில் 20, 50, 100. கிராங்க்கில் போல்ட் துளை உள்ளே எண்ணெய்ப் பக்கம் திறந்திருந்தால் மரையில் சீலன்ட் தடவுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் மரை வழியே வந்து கிளட்ச் பிளேட்டில் ஏறும். பின் சீல் போய்விட்டது என்று நினைத்து ஆளாளுக்குச் சீலை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

கிளட்ச் பிளேட்டைப் பொருத்தும்போது ஃபிளைவீல் பக்கம் என்று எழுதியிருக்கும் முகம் முன்னே இருக்கட்டும். திருப்பிப் போட்டால் நடு ஸ்பிரிங் கூடு ஃபிளைவீல் போல்ட் தலையில் உரசும். பிரஷர் பிளேட்டை மூடுவதற்கு முன் பிளேட்டை வெறுமனே ஃபிளைவீல்மேல் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். சற்றும் தடங்கல் இருக்கக்கூடாது. இன்புட் பல்லில் கிரீஸ் மெல்லிய படலமாக இருந்தால் போதும். அதிகம் வைத்தால் சுழலும்போது தெறித்து லைனிங்கில் படியும்.

இன்னொன்று, பழைய வார்ப்பிரும்பு ஃபிளைவீலை அதிக ஆர்பிஎம்மில் சுற்ற விடுவது ஆபத்து, உடைந்து சிதறினால் காலுக்குத்தான் அடி. எஸ்எஃப்ஐ (பந்தய பாகங்களின் பாதுகாப்புத் தரம்) 1.1 சான்று உள்ள எஃகு ஃபிளைவீல், கூடவே முடிந்தால் எஸ்எஃப்ஐ 6.1 தர எஃகு ஹவுசிங் போடுங்கள்.

மையம் பார்ப்பது

யாரும் செய்ய விரும்பாத வேலை இதுதான். பழைய ஹவுசிங் 1960-களில் வேறு ஒரு பிளாக்குக்காகக் கடைந்தது. எஃகு ஹவுசிங் வெல்டிங் செய்து உருவாக்கியது. உங்கள் பிளாக்கின் டோவல் பின்னில் (ஹவுசிங்கை இடத்தில் நிறுத்தும் சிறு உருளை) அது சரியான மையத்தில் உட்காரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. டிரெமெக் கேட்பது, துளையைச் சுற்றி டயல் கேஜ் காட்டும் மொத்த வித்தியாசம் 0.005 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. தலைமுடி ஒன்றின் தடிமனை ஒத்த அளவு அது.

கிளட்ச் இல்லாமல், ஃபிளைவீல் மட்டும் இருக்கும்போது ஹவுசிங்கைப் பொருத்துங்கள். ஹவுசிங்கின் முகத்திலும் பிளாக்கின் முகத்திலும் பெயின்ட், துரு, பிசிறு எதுவும் இல்லாமல் சுரண்டிவிடுங்கள். போல்ட் எம்10×1.5, 37 பவுண்டு-அடி. இங்கே ஒரு எச்சரிக்கை: பழைய ஹவுசிங்கோடு வந்த ⅜ அங்குல போல்ட்டும் எல்எஸ் பிளாக்கின் துளையில் தளர்வாக ஏறும். ஏறுவது போலத்தான் தெரியும். மரை இடைவெளி வேறு, தடிமன் குறைவு. இறுக்கியதும் மரையை வழித்துக்கொண்டு வரும். அலுமினிய பிளாக் என்றால் சேதம் இன்னும் பெரிது. பழைய போல்ட்களை அந்த இடத்தில் இருந்தே அப்புறப்படுத்திவிடுங்கள்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் என்ஜின் கையால் சுலபமாகச் சுற்றும். டயல் கேஜின் காந்தக் காலை ஃபிளைவீலில் நிறுத்தி, ஊசியை 4.686 துளையின் உள்சுவரில் வைத்து, 12 மணி நிலையில் பூஜ்யம் வைத்துக்கொண்டு, 3, 6, 9 மணி நிலைகளில் எவ்வளவு காட்டுகிறது என்று எழுதுங்கள். திரும்ப 12-க்கு வரும்போது பூஜ்யம் காட்டாவிட்டால் கேஜ் நகர்ந்திருக்கிறது, மறுபடியும் தொடங்குங்கள். எதிரெதிர் இரண்டு நிலைகளின் வித்தியாசத்தைப் பாதியாக்கினால் மையம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பது வரும். கேஜ் 0.030 காட்டினால் விலகல் 0.015.

சரிசெய்ய மையம் விலக்கிக் கடைந்த டோவல் பின்கள் 0.007, 0.014, 0.021 அளவுகளில் வருகின்றன. விலகல் 0.015 என்றால் 0.014 பின். இரண்டு பின்னையும் ஒரே அளவில், ஒரே திசை நோக்கித் திருப்பி வைக்க வேண்டும். ஹவுசிங்கை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டுமோ அந்தப் பக்கம் பின்னின் பெருத்த பகுதி இருக்கும். பொருத்தி மறுபடியும் அளந்து, சரியானதும் பின்னைப் பூட்டிவிடுங்கள். பொதுவாக முதல் முயற்சியில் வராது.

அதோடு ஊசியை ஹவுசிங்கின் பின் முகத்தில் வைத்து முகச் சரிவையும் பாருங்கள். அப்போது கிராங்க்கை எப்போதும் ஒரே பக்கம் முன்னால் தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதன் முன்பின் ஆட்டமே கேஜில் தெரியும். இதுவும் 0.005-க்குள் வந்தால் நல்லது. சரிவு அதிகம் என்றால் பிளாக்குக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் மெல்லிய ஷிம் வைப்பதைவிட ஹவுசிங்கைக் கடைசலில் கொடுத்து முகம் எடுப்பது மேல்.

ரிலீஸ் பேரிங்

செவெல்லில் முதலில் இருந்தது கம்பி, குறுக்குத்தண்டு வழியாகக் கிளட்சை இழுக்கும் முறை. அந்தக் குறுக்குத்தண்டின் ஒரு முனை பிளாக்கில் உள்ள பந்து போல்ட்டில் நிற்கும். எல்எஸ் பிளாக்கில் அந்த இடமே கிடையாது. தனிப் பிராக்கெட் கிடைக்கிறது, ஆனால் எக்ஸாஸ்ட் பைப் குறுக்கே வரும். ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கோடுதான் இருக்க வேண்டும் என்றால் உயரம் மாற்றக்கூடிய பிவட் பந்தும், கிளட்சின் விரல் தட்டையா வளைவா என்பதைப் பார்த்து நீள அல்லது குட்டை பேரிங்கும் வேண்டும். கிளட்ச் முன்னால் தள்ளி இருப்பதால் இந்த மாற்றத்தில் பெரும்பாலும் நீள பேரிங்தான் ஒத்துவரும்.

கியர்பாக்ஸ் கழுத்தில் உட்காரும் ஹைட்ராலிக் ரிலீஸ் பேரிங் எளிது. கசிந்தால் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும் என்பது அதன் குறை. அதற்கு வேண்டியது ஒரே ஒரு அளவு: பேரிங் முழுவதும் சுருங்கியிருக்கும்போது அதன் முகத்துக்கும் கிளட்ச் விரல்களுக்கும் இடையே 0.150 முதல் 0.200 அங்குலம், அதாவது 3.8 முதல் 5 மிமீ இடைவெளி. கிளட்ச் பொருத்திய பிறகு, ஹவுசிங்கின் பின் முகத்தில் நேர்க்கோல் வைத்து விரல் நுனி வரை ஆழத்தை எடுங்கள். கியர்பாக்ஸ் முகத்தில் இருந்து சுருங்கிய பேரிங்கின் முகம் வரை உயரத்தை எடுங்கள். முதலாவதில் இருந்து இரண்டாவதைக் கழித்தால் இடைவெளி. அதிகம் இருந்தால் பேரிங்கின் அடியில் ஷிம் சேருங்கள்.

இடைவெளி குறைவாக இருந்தால் என்ன? கிளட்ச் பிளேட் தேயத் தேய விரல்கள் பின்னால் வரும். ஒரு நாள் பேரிங்கில் முட்டி நின்றுவிடும்; அதற்கு மேல் பிரஷர் பிளேட் முழு பலத்தோடு அழுத்தாது, கிளட்ச் வழுக்கத் தொடங்கும். அதிகமாக இருந்தால் பிஸ்டன் சீலைத் தாண்டி வெளியே வந்து எண்ணெய் கொட்டும்.

மாஸ்டர் சிலிண்டரைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். ¾ அங்குல மாஸ்டரின் பரப்பு 0.44 சதுர அங்குலம். அதன் நகர்வை இதால் பெருக்கி, பேரிங் பிஸ்டனின் பரப்பால் வகுத்தால் பேரிங் எவ்வளவு நகரும் என்று வரும். உங்கள் கிளட்ச் தயாரிப்பாளர் கேட்கும் நகர்வைவிடக் கொஞ்சம் அதிகம் போதும். மிக அதிகமானால் டயஃப்ரம் வளைந்து கெட்டுவிடும். பெடலுக்கு அடியில் தடுப்பு போல்ட் ஒன்று வைப்பது நல்லது. மாஸ்டர் ஏறும் ஃபயர்வால் தகடு மெல்லியது. பின்னால் 3 மிமீ எஃகுத் தகடு கொடுக்காவிட்டால் பெடலை மிதிக்கும்போது தகடே வளையும், பேரிங் நகராது. பெடலில் இருந்து வரும் தண்டு மாஸ்டருக்கு நேர்கோட்டில் இருக்கட்டும். எண்ணெய்க் குழாயை எக்ஸாஸ்ட்டில் இருந்து விலக்கி, வெப்ப உறை போடுங்கள். கியர்பாக்ஸ் ஏறுவதற்கு முன் பெடலை மிதிக்கவே கூடாது. தடுப்பில்லாமல் பிஸ்டன் கழன்று வந்துவிடும்.

ஏற்றுவது

கியர்பாக்ஸை ஜாக்கில் வைத்து, என்ஜினின் சாய்வுக்கு அதே அளவு சாய்த்து, ஏதாவது ஒரு கியரில் போட்டு, பின் யோக்கைக் கொஞ்சம் சுற்றிக்கொண்டே தள்ளினால் பல் பிடித்து உள்ளே போகும். கடைசி அரை அங்குலம் தானாகப் போக வேண்டும். போகவில்லை என்றால் நிறுத்துங்கள். போல்ட் போட்டு இழுத்து மூடுவது இந்த வேலையிலேயே விலை உயர்ந்த அவசரம்: மன்சி பெட்டியின் முன் காதுகள் உடைவதும், பைலட் பேரிங் நசுங்குவதும், கிளட்ச் பிளேட்டின் நடுக் கூடு வளைவதும் இதனால்தான். பெரும்பாலும் கிளட்ச் பிளேட் மையத்தில் இல்லை, அல்லது பைலட் அளவில் தவறு. இறக்கிப் பாருங்கள்.

மன்சிக்கு ஜிஎல்-4 தர 80டபிள்யூ-90 எண்ணெய். ஜிஎல்-5 எண்ணெயில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளை சின்க்ரோ வளையங்களுக்கு ஆகாது. டிகேஎக்ஸுக்கு டெக்ஸ்ரான் 3 வகை எண்ணெய். இரண்டிலும் பக்கவாட்டுத் துளை விளிம்பு வரை நிரப்பினால் போதும்.

கோணமும் ஷாஃப்ட்டும்

ட்ரக் என்ஜினின் எண்ணெய்த் தொட்டி செவெல்லின் கிராஸ் மெம்பரில் இடிக்கும். தொட்டியை மாற்றாமல் என்ஜினை மேலே தூக்கிச் சமாளித்தால் கியர்பாக்ஸின் சாய்வு கெட்டு, நெடுஞ்சாலையில் அதிர்வாக வந்து நிற்கும். ஆகவே முதலில் தொட்டி, பிறகு என்ஜின் மவுன்ட், அதன் பிறகுதான் கியர்பாக்ஸ் மவுன்ட்.

கார் நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கும்போது கோணமானியை கியர்பாக்ஸின் பின்முகத்திலும், டிரைவ் ஷாஃப்ட்டிலும், பின் ஆக்ஸிலின் பினியன் யோக்கிலும் வைத்துப் பாருங்கள். முன், பின் ஜாயின்ட் இரண்டும் 1 முதல் 3 டிகிரிக்குள், ஒன்றுக்கொன்று 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் இருக்க வேண்டும். பூஜ்யமும் நல்லதில்லை, ஜாயின்ட்டின் ஊசிகள் ஒரே இடத்தில் நின்று குழி விழும். ஷாஃப்ட் நீளம்: யோக்கை முழுவதும் உள்ளே தள்ளி, ¾ முதல் 1 அங்குலம் வெளியே இழுத்து, அங்கிருந்து பினியன் ஜாயின்ட் மையம் வரை அளக்க வேண்டும். டிகேஎக்ஸுக்கு 31 பல் யோக். பழைய ஷாஃப்ட்டின் நீளமும் ஒத்துவராது, புதிதாக அடித்து பேலன்ஸ் செய்ய வேண்டும்.

ஈசியு

ஆட்டோமேட்டிக் ட்ரக்கில் இருந்து வந்த ஈசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கியர்பாக்ஸைத் தேடிக்கொண்டே பிழை விளக்கை எரிய வைக்கும். டியூனிங்கில் மேனுவல் என்று மாற்றி, ஆட்டோமேட்டிக் கியர் தொடர்பான பிழைச் சோதனைகளை அணைத்துவிடுங்கள். பழைய பார்க்–நியூட்ரல் ஸ்விட்சுக்குப் பதில் கிளட்ச் பெடலில் ஸ்டார்ட்டர் ஸ்விட்ச் வையுங்கள். வேக சென்சார் சிக்னல் இருந்தால் சிவப்பு விளக்கில் நிற்க வரும்போது ஐடில் சீராக இருக்கும். டிகேஎக்ஸில் மின் சிக்னலும் இருக்கிறது, பழைய மீட்டருக்கான கேபிள் இடமும் இருக்கிறது. மன்சியில் கேபிள் மட்டும்தான், நடுவில் சென்சார் செருக வேண்டும். கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான மாடல் கார்களுக்குப் புகைச் சோதனை இல்லை என்பதால் செவெல்காரர்களுக்கு அந்தக் கவலை கிடையாது.

சத்தம் வந்தால்

பெடல் மேலே, கியர் நியூட்ரல், அப்போது சத்தம். மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் இன்புட் பேரிங். பெடலை லேசாகத் தொடும்போதே சீறினால் ரிலீஸ் பேரிங். நின்ற வண்டியில் கியர் போட்டு, பெடலை முழுதாக மிதித்திருக்கும்போது மட்டும் கீச்சென்று வந்தால் பைலட். அந்த ஒரு நிலையில்தான் கிராங்க் சுற்ற, இன்புட் ஷாஃப்ட் அசையாமல் நிற்கும்.

ரிவர்ஸ் போடும்போது நறநறத்தால், பெடலை மிதித்துப் பத்து விநாடி காத்திருந்து போட்டுப் பாருங்கள். அப்போதும் நறநறத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை: காற்று இருக்கிறது, நகர்வு போதவில்லை, அல்லது பைலட் இறுகிப் பிடிக்கிறது. இந்த மூன்றில் எது என்று பிரிக்க, பின் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, கியரில் போட்டு, ஒருவர் பெடலை மெல்ல மிதிக்க இன்னொருவர் டிரைவ் ஷாஃப்ட்டைச் சுற்ற வேண்டும். பெடல் தரையைத் தொடும்போதுதான் விடுகிறது என்றால் நகர்வு குறைவு. நடுவிலேயே விட்டுவிட்டு, என்ஜின் ஓடும்போது மட்டும் பிரச்சினை என்றால் பைலட்டைச் சந்தேகப்படுங்கள். மூன்றாவது, நாலாவது கியர் ஆக்ஸிலேட்டரை விட்டதும் கழன்று வந்தால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் ஹவுசிங்கின் மையத்தை மறுபடியும் பாருங்கள். எந்த கியரில் ஓட்டினாலும் ஒரே மைல் வேகத்தில் அதிர்ந்தால் அது ஷாஃப்ட் கோணம். என்ஜின் ஆர்பிஎம்மோடு சேர்ந்து அதிர்ந்தால் ஃபிளைவீல் அல்லது கிளட்ச் பேலன்ஸ்.

புதிய கிளட்சை முதல் 500 மைல் ஊருக்குள் மெதுவாக ஓட்டிப் பழக்குங்கள். அதற்குள் டயரை எரித்துக் காட்டினால் லைனிங் பளபளவென்று கண்ணாடியாகிவிடும். அளந்து வைத்த இடைவெளி எல்லாம் சரியாக இருந்தும் கிளட்ச் வழுக்கும்.